சிறுநீரகம் போனவருக்கு ஹோஸ்பிஸ் கிடையாதா?

பினாங்கின் மாக் மண்டினில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்க் கூடாரத்தடியில் உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன நோவு?" என்பதுதான். பதிலும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். "இனிப்புநீர்தான். மொதல்ல கால் விரலை எடுத்தாங்க. அப்புறம் கிட்னி போச்சு. ரெண்டு மூணு வருஷமா ரத்தம் கழுவிக்கிட்டு இருந்தாரு. கடைசியில மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சு, போய்ச் சேந்துட்டாரு." கேட்டவர் தலையாட்டுவார். அவர் வீட்டிலும் அதே வரிசையில் ஒருவர் இருப்பார்.

இது பேச்சுக்குச் சொல்வதல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியரை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டார்கள். ஆண்டுதோறும் அந்த வரிசையில் புதிதாகச் சேருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலகாரணம் இனிப்புநீர்.

ஆனால் "இறுதிக்காலப் பராமரிப்பு", "ஹோஸ்பிஸ்", "நோய்த் தணிப்புச் சிகிச்சை" என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் நம் மனத்தில் எழுவது புற்றுநோயாளியின் முகம்தான். மருத்துவர்கள் பலருக்கும் அப்படித்தான். நம் ஆட்கள் ஒரு வழியில் இறந்துகொண்டிருக்க, வலி தணிக்கும் ஏற்பாடு வேறொரு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. கடந்த பதினைந்து இருபது ஆண்டு ஆராய்ச்சியைப் பார்த்தால், அந்த வாசலை இடம் மாற்றச் சொல்லி உலகம் எப்போதோ பேசத் தொடங்கிவிட்டது தெரிகிறது. நாம்தான் இன்னும் காது கொடுக்கவில்லை.

புற்றுநோயோடு ஹோஸ்பிஸ் ஒட்டிக்கொண்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லம்தான் இன்றைய ஹோஸ்பிஸ் முறைக்குத் தாய்வீடு. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். பினாங்கிலும் அதே கதைதான். பிரான்சிஸ்கன் கன்னியர் 1976இல் தொடங்கிய மவுண்ட் மிரியம், புற்றுநோய்க்கான மருத்துவமனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஹோஸ்பிஸ் சேவையை இங்கே கையிலெடுத்தது தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை. தலைநகரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. அரசாங்க மருத்துவமனைகளில் முதல் தனி நோய்த் தணிப்புப் பிரிவு 1995இல் வந்தது, அதுவும் கோலாலம்பூரில் அல்ல, கோத்தா கினபாலுவில். 1998இல் எல்லா அரசாங்க மருத்துவமனைகளும் இதற்கென ஒரு பிரிவையோ குழுவையோ அமைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு பணித்தது. 2005வாக்கில் இது தனிச் சிறப்புத் துறையானது. 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கையும் இருக்கிறது. அந்த ஏட்டில் புற்றுநோய் அல்லாத நோய்களுக்கும் இடம் உண்டு.

குறை சொல்லக் கூடாது. தென்கிழக்கு ஆசியாவில் இவ்வளவு முன்னே கால் வைத்த நாடுகள் அதிகம் இல்லை. 2015இல் எக்கனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவு 80 நாடுகளின் "மரணத் தரத்தை" வரிசைப்படுத்தியபோது மலேசியா 38ஆவது இடத்தில் இருந்தது. இலங்கை 65, இந்தியா 67. சிங்கப்பூர் 12 என்பதைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனாலும் பினாங்கில் பேர்பெற்ற இல்லங்களும் அறநிறுவனங்களும் பெரும்பாலும் தீவுப் பக்கம்தான். மாக் மண்டின் இருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். தொழிற்பேட்டை, தமிழ்ப்பள்ளி, அடுக்குமாடி வீடுகள், ஷிப்டு வேலை. இங்குள்ள நோயாளிக்கு அருகில் இருப்பது செபராங் ஜெயா மருத்துவமனை. சில சிறப்புச் சிகிச்சைகளுக்குப் பாலம் தாண்ட வேண்டும். நடக்க முடியாத ஒருவரைக் காரில் மடக்கி ஏற்றி, ஜெலுத்தோங் நெரிசலில் சிக்கி, பொது மருத்துவமனையில் வண்டி நிறுத்த இடம் தேடி, மருத்துவர் முன் உட்காரும்போது பாதி உயிர் போயிருக்கும். இதெல்லாம் கொள்கை ஏட்டில் வராது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம்.

இந்தத் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2010இல் வந்தது. பாஸ்டனில் ஜெனிஃபர் டெமல் குழுவினர், நுரையீரல் புற்று பரவிவிட்ட 151 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே சிகிச்சையோடு, நோய் தெரிந்த தொடக்கத்திலிருந்தே நோய்த் தணிப்புக் குழுவின் கவனிப்பும். இரண்டாம் பகுதியினருக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைக்கு ஆளானவர்களும் அவர்களில் குறைவு. ஆனாலும் அவர்கள் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். ஆயுள் கூடும் என்ற முடிவு பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் திரும்ப வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆயினும் "ஹோஸ்பிஸ்காரங்களைக் கூப்பிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நம்மிடையே உலவும் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது அன்றே தெரிந்துபோனது.

அடுத்த கேள்வி, யாருக்கு இது தேவை? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது. கிடைப்பது 14 விழுக்காட்டினருக்கு. அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட உலக வரைபட நூல், தேவைப்படும் பெரியவர்களை நோய்வாரியாகப் பிரித்தது. முதலிடம் இதய, ரத்தநாள நோய்களுக்கு: 38.5 விழுக்காடு. புற்றுநோய் 34 விழுக்காட்டோடு இரண்டாம் இடத்தில் இருந்தது. அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கினர் புற்றுநோயாளிகளே அல்லர். இதய நோயாளிகளுக்கு இது பலன் தருமா என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 150 பேரை வைத்துச் சோதித்தது. 2017இல் வெளியான முடிவு: வாழ்க்கைத் தரம், பதற்றம், மனச்சோர்வு மூன்றிலும் முன்னேற்றம். 2020இல் 28 சோதனைகளைத் தொகுத்து வந்த ஓர் அலசல் இன்னும் நிதானமாகப் பேசியது. புற்றுநோய் அல்லாதவர்களிடம் அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைகிறது, தொந்தரவுகள் ஓரளவு தணிகின்றன. ஆனால் வாழ்க்கைத் தரத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றது. புற்றுநோய்க்குச் செய்த சட்டையை அப்படியே இதயக்காரருக்கு மாட்டினால் சரியாக இராது என்று அதற்குப் பொருள் கொள்கிறேன்.

ஏன் சரியாக இராது என்பதை ஸ்காட்லாந்தின் ஸ்காட் மரே 2005இலேயே விளக்கியிருந்தார். புற்றுநோயாளி பல மாதம் ஓரளவு நன்றாக இருந்து, கடைசிச் சில வாரங்களில் சட்டென்று சரிவார். அவருடைய முடிவு கண்ணுக்குத் தெரியும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர் அப்படியல்ல. விழுவார், ஆஸ்பத்திரியில் படுப்பார், தேறி வருவார். மறுபடி விழுவார், மறுபடி தேறுவார், ஆனால் முன்பிருந்த அளவுக்குத் தேறமாட்டார். எந்த விழுதல் கடைசி என்று யாருக்கும் தெரியாது. "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, எழுந்து வந்துட்டாரே" என்று குடும்பம் நம்பும், நம்புவதில் தவறில்லை. மருத்துவர்களுக்கும் அதே குழப்பம்தான். "இந்த நோயாளி ஓராண்டுக்குள் இறந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்குமா?" என்று மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் முறை ஒன்று பிரபலமாக இருந்தது. 2017இல் கனடாவில் வெளியான தொகுப்பாய்வு அதன் துல்லியம் சுமாரானது என்றும், புற்றுநோய் அல்லாதவர்களிடம் இன்னும் மோசம் என்றும் காட்டிவிட்டது. ஆகவே நாளைக் குறித்துவிட்டுத்தான் இந்தப் பராமரிப்பைக் கூப்பிடுவோம் என்று காத்திருந்தால் நம் நோயாளிகளுக்கு அது வரவே வராது. எத்தனை நாள் என்று கேட்பதற்குப் பதிலாக என்ன தொந்தரவு என்று கேட்க வேண்டும். அரிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தூக்கம் போய்விட்டதா, பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு இடுப்பு பிடித்துவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலே கூப்பிடலாம்.

டயாலிசிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் இதைத் தொட எல்லாரும் தயங்குகிறோம்.

நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு டயாலிசிஸ் மறுபிறவி. அதில் இரண்டாம் பேச்சில்லை. எழுபத்தெட்டு வயது, இதயமும் பலவீனம், ஒரு கால் இல்லை, மாற்றுச் சிறுநீரகத்துக்கு வாய்ப்பே இல்லை என்றால் கணக்கு வேறு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, துடைத்து, சட்டை மாட்டி, சக்கர நாற்காலியில் மின்தூக்கி வரை தள்ளிக்கொண்டு வருவார்கள். மின்தூக்கி பழுதாக இருந்தால் இரண்டு பேர் தூக்குவார்கள். கையில் ரத்தநாளத்தை இணைத்துத் தைத்த இடம் புடைத்திருக்கும். விரல் வைத்தால் கிர்ரென்று அதிரும். அதில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம். வீடு திரும்பும்போது தலைசுற்றல், கால் இழுப்பு, வாய் கசப்பு. சாயங்காலம் வரை சுருண்டு கிடப்பார். மறுநாள் கொஞ்சம் முகம் தெளியும். அதற்கு அடுத்த நாள் மறுபடி ஊசி. வாரத்துக்கு மூன்று முறை.

இதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது என்ன? 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரின் நிலையைப் பார்த்தார்கள். ஓராண்டில் 58 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். தொடங்குமுன் இருந்த அன்றாடச் செயல்திறனைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் 13 விழுக்காடுதான். 2024இல் அங்கு முன்னாள் படைவீரர் மருத்துவப் பதிவுகளிலிருந்து இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. 65 வயதைக் கடந்த, சிறுநீரகம் பெரிதும் செயலிழந்த, மாற்று அறுவைக்கு வாய்ப்பில்லாத இருபதாயிரத்துச் சொச்சம் பேரின் மூன்றாண்டுக் கணக்கு. உடனே டயாலிசிஸ் தொடங்கியவர்கள், பொறுத்திருந்து பார்த்தவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வீட்டில் கழித்த நாட்களோ 13க்கு மேல் குறைவு. பொறுத்திருந்தவர்களில் கணிசமானோர் பிறகு தொடங்கியவர்கள்தான். கடைசிவரை தொடங்காமல் மருந்தோடு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிது: 77 நாளுக்கு மேல் கூடுதல் ஆயுள். அங்கும் வீட்டில் இருந்த நாட்கள் இரண்டு வாரம் குறைந்தன.

77 நாள் சின்ன விஷயமில்லை. பேத்தியின் கல்யாணம் அந்த நாட்களுக்குள் வரலாம். ஒருவர் அதற்காக ஊசியைத் தாங்குவேன் என்பார். இன்னொருவர், "வேண்டாம்பா, நான் நிம்மதியா வீட்டுல படுத்துக்கிடறேன்" என்பார். இரண்டும் நியாயமே. இப்படி ஒரு தேர்வு இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படுகிறதா என்பதுதான் என் கேள்வி. டயாலிசிஸ் வேண்டாம் என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. உடம்பில் தேங்கும் நீரை இறக்க மாத்திரை, ரத்தச்சோகைக்கு ஊசி, தோல் அரிப்புக்குக் குறைந்த அளவில் காபாபென்டின், மூச்சுத்திணறலுக்கும் வாந்திக்கும் தனித்தனி மருந்து, கூடவே தொடர்ந்து வந்து பார்க்க ஒரு தாதி. இதற்கென்று வகுக்கப்பட்ட முறையே இருக்கிறது. பல நாடுகளில் சிறுநீரகப் பிரிவின் இன்னொரு வாசலாகவே அதை நடத்துகிறார்கள். இங்கே அந்த வாசலைத் தாள் திறந்து காட்டுவோர் குறைவு.

சொல்வதென்றால் யார் சொல்வது, எந்த மொழியில்? மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். பாட்டிக்குச் சந்தைக்குப் போதுமான மலாய் தெரியும்; சிறுநீரகத்துக்குப் போதாது. மூன்றாம் படிவம் படிக்கும் பேரன்தான் மொழிபெயர்ப்பாளன். மருத்துவர் ஐந்து நிமிடம் விளக்குகிறார். பேரன் திரும்பி, "பாட்டி, நல்லா சாப்பிடச் சொல்றாரு" என்கிறான். பதினைந்து வயதுப் பையன் வேறென்ன சொல்வான்? பெரியவர்கள் வந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. மகன் மருத்துவரை வெளியே கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்பான். அம்மாவோ மகள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "எனக்குத் தெரியும்டி, உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே, அவன் தாங்க மாட்டான்" என்பாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியே அழுகிறார்கள்.

பேசினால் மனம் உடைந்துவிடும் என்ற பயத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முற்றிய புற்றுநோய் உள்ள 332 பேரையும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களையும் தொடர்ந்தது. மருத்துவரோடு இறுதிக்காலம் பற்றிப் பேசியவர்களுக்கு மனச்சோர்வோ கவலையோ கூடுதலாக இல்லை. கடைசி வாரத்தில் அவர்கள்மீது திணிக்கப்பட்ட கடும் சிகிச்சை குறைவாக இருந்தது. இறப்புக்குப் பின் குடும்பத்தாரின் துயரமும் அதை ஒட்டியே இருந்தது: நோயாளி கடைசியில் எவ்வளவு கடும் சிகிச்சைக்கு ஆளானாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு பின்னாளில் அவர்களுடைய மனநிலையும் பாதிக்கப்பட்டது. நம் பண்பாடு வேறு, அமெரிக்கர் வேறு என்று சிலர் சொல்வார்கள். சரி, நம்மவர்களை வைத்து ஆய்வு செய்யுங்கள் என்பதே அதற்குப் பதில். செபராங் ஜெயா மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு மையம் இயங்குகிறது. நோயாளிகளும் அங்கேயே இருக்கிறார்கள்.

உள்ளூர் ஆய்வு நடக்காமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் டான் செங் பெங் உள்ளிட்ட குழுவினர், நோய்த் தணிப்புப் பிரிவிலிருந்த 60 புற்றுநோயாளிகளை வைத்து, ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து விடும் பயிற்சியைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மனவுளைச்சல் இறங்கியது. காசு செலவில்லாத வைத்தியம். பின்னர் நுரையீரல் நோயாளிகளின் மூச்சுத்திணறலுக்கு இருபது நிமிடப் பயிற்சியாகவும் அதைச் சோதித்தார்கள். பிராணாயாமம் நம் சொத்து என்று மேடையில் முழங்குகிறவர்கள், அதை அளந்து பார்க்கும் வேலையைச் செய்தவர்கள் யார் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

"தண்ணியாவது ஏத்துங்க டாக்டர்." மருத்துவமனை வாட்டில் தமிழ்க் குடும்பம் கடைசியாகப் பற்றிக்கொள்ளும் கயிறு இதுதான். உணவு இறங்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. டிரிப்பும் இல்லையென்றால் பட்டினி போட்டுக் கொல்வது போல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சோறு போடுவதே அன்பு என்று வளர்ந்த நமக்கு வேறு எப்படித் தோன்றும்? இதையும் சோதித்தார்கள். 2013இல் வெளியான ஆய்வில் எட்வர்டோ புருவேரா குழுவினர் ஹோஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு நாளுக்கு ஒரு லிட்டர் உப்புநீரும், மறு பாதிக்கு வெறும் 100 மில்லி லிட்டரும் ஏற்றினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. களைப்பு, மயக்கம், குழப்பம், வாழ்ந்த நாட்கள் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மரணம் நெருங்கிய உடம்பு தண்ணீர் கேட்பதில்லை. சிறுநீரகமும் இதயமும் பழுதானவருக்கு ஏற்றும் நீர் நுரையீரலில் போய்த் தேங்கி மூச்சை இன்னும் முட்டவைக்கும். வாய் காய்வதுதான் உண்மையான தொந்தரவு. அதற்கு ஈரப்பஞ்சு போதும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய், மணிக்கு ஒருமுறை நாக்கில் சில துளி நீர். கடைசியில் வாயில் பால் ஊற்றும் நம் சடங்கைப் பற்றியும் தாதிகள் இதைத்தான் சொல்வார்கள். கரண்டி நிறைய ஊற்றினால் புரையேறும்; விரலால் தொட்டு உதட்டில் வைத்தால் சடங்கும் நடக்கும், அவருக்கும் நோகாது.

இன்னொரு சத்தம் இருக்கிறது. தொண்டையில் சளி இழுக்கும் சத்தம். அதைக் கேட்டவர்களால் ஆயுளுக்கும் மறக்க முடியாது. நோயாளிக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதே மருத்துவர்களின் கருத்து, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் நரகம். 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சத்தம் தொடங்கும் முன்பே ஸ்கோபொலமின் ஊசியைத் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்த அந்தச் சத்தம், போட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. சாகும் தறுவாயில் இருப்பவரை வைத்து ஆய்வு செய்வதா என்று சிலருக்குக் கூசும். அவர்களில் பலர் முன்கூட்டியே தாங்களாக ஒப்புதல் கொடுத்தவர்கள். அடுத்தவர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

மார்பின் பற்றி ஆராய்ச்சி சொல்லும் செய்தி இப்போது சற்றுச் சிக்கலானது. உலகில் அது பங்கிடப்படும் முறை வெட்கக்கேடு என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபடி, ஆண்டுக்கு 298.5 டன் அளவுக்கு வழங்கப்படும் இவ்வகை வலிநீக்கிகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். மலேசியாவில் மருந்து இருக்கிறது, பயம்தான் அதிகம். "அதைக் குடிச்சா அடிமையாயிடுவாங்க", "மார்பின் குடுத்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்". சரியான அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நேரம் தவறாமல் கொடுக்கும் திரவ மார்பின், வலியில் சுருண்டவரை எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு பேச வைப்பதைத் தாதிகள் தினமும் பார்க்கிறார்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தைக் கூடவே கொடுக்காவிட்டால், நோயாளி மார்பினையே வேண்டாம் என்று தள்ளிவிடுவார்.

ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதே மார்பின் ஆகாது. அதன் கழிவு உடம்பிலேயே தங்கி மயக்கத்தையும் வெட்டுத் துடிப்பையும் உண்டாக்கும். அவருக்கு ஃபெண்டனில் போன்ற வேறு மருந்து வேண்டும், அதையும் தெரிந்தவர் கொடுக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியின் மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்பின் உதவும் என்ற பழைய நம்பிக்கையை 2022இல் ஆஸ்திரேலியச் சோதனை ஒன்று அசைத்துவிட்டது. நோய்த் தணிப்புப் பராமரிப்பில் பிதற்றுபவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மருந்துகளைவிட வெற்று மருந்தோடு கூடிய அன்பான கவனிப்பே மேல் என்று 2017இல் இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. புற்றுநோய் வாட்டில் கற்றதை அப்படியே மற்றவர்களிடம் பிரயோகிக்க முடியாது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. நம் நோயாளிகளுக்கு நம் நோயை அறிந்த நிபுணர் வேண்டும்.

கடைசி நாட்களில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே நம் பெரியவர்களின் ஆசை. வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த் தணிப்புச் சேவை இருந்தால் வீட்டில் இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2013இல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. 23 ஆய்வுகள், 37,000-க்கு மேற்பட்டவர்கள். அந்தச் சேவை இல்லாத இடத்தில் வீடு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் சொல்லப்படும் தலைக்கூத்தல் ஓர் எல்லை. படுத்தவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம். தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் அதைத்தான் பேசியது. அதைக் கொலை என்பதோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆறு மாதம் படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்ட பெண்ணிடம், இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட ஓர் எண் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

மாக் மண்டினில் அந்தப் பெண் பெரும்பாலும் மருமகளாக இருப்பாள், அல்லது கல்யாணமாகாத மகளாக. தொழிற்சாலை வேலையை விட்டிருப்பாள். சமூகநல இலாகாவில், நம் வாய்மொழியில் கெபாஜிக்கானில், படுக்கையாகிவிட்ட நோயாளியைக் கவனிப்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் உதவி உண்டு. வருமான வரம்பு, மருத்துவர் கையெழுத்து, பாரம் என்று அலைச்சலும் உண்டு. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் பெறுபவருக்கு எப்போதும் ஆள் துணை தேவைப்பட்டால் தனிப்படி இருக்கிறது. இவற்றை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்? வீட்டில் இறந்தால் போலீஸ் வருமோ என்ற பயமும் பலரைக் கடைசி மணி நேரத்தில் ஆம்புலன்சைக் கூப்பிட வைக்கிறது. வீட்டில் நிகழ்ந்த இறப்பைக் காவல் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி வாங்க வேண்டும்; அது வெறும் நடைமுறை. நோயாளியின் மருத்துவமனைக் கடிதமும் சீட்டுகளும் கையில் இருந்தால் வேலை சுலபம். இதை எந்தத் துண்டறிக்கையிலும் தமிழில் நான் பார்த்ததில்லை.

ஆள் எங்கே என்பார்கள். கேரளத்தில் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கினார்கள். 1999இல் மலப்புரத்தில் அது அக்கம்பக்கத்தார் வலையமாக மாறியது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எனப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வாரம் ஒருமுறை நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். தாதி கூடவே வருவார். பணம் ஊரிலிருந்தே சில்லறையாகச் சேரும். 2008இல் மாநில அரசே கொள்கை வகுத்தது. அந்த வலையத்தில் பக்கவாதக்காரரும் சிறுநீரகக்காரரும் சேர்த்தே கவனிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்", இனிப்புநீர் மாத்திரையோடு நோய்த் தணிப்புச் சேவையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. நம் சுகாதார கிளினிக்குகளிலும் 2014 முதல் வீடு தேடிப் போகும் சேவை இருக்கிறது. ஆக எலும்புக்கூடு தயார்.

கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட இந்த வட்டாரத்தில் ஒரே நாளில் ஐம்பது இளைஞர் சேர்கிறார்கள். மாக் மண்டின் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்களில் தாதிகளும் மருந்தாளர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மொழிபெயர்க்கத் தெரியும். பதினைந்து வயதுப் பேரனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவர்கள் உட்காரலாம். டயாலிசிஸ் நிலையங்களை நடத்தும் அறவாரியங்கள், மாதத்தில் ஒரு நாள் நோய்த் தணிப்பு மருத்துவரை அங்கேயே வரவழைக்கலாம். நோயாளிகள் நான்கு மணி நேரம் அசையாமல் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பாலம் தாண்ட வேண்டியதில்லை.

தேசியக் கொள்கையின் காலக்கெடு 2030. நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று சொல்லப்படும் ஆண்டும் அதுவே. அடுத்த கொள்கையை எழுதும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். சிறுநீரகப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசாங்க மருத்துவமனையிலும், டயாலிசிஸ் வேண்டாம் என்பவருக்கான தனி கிளினிக் என்ற ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லி, நம் சட்டமன்ற உறுப்பினர்களும் இந்திய அமைப்புகளும் இப்போதே எழுதிக் கேட்கலாம். செபராங் ஜெயாவிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.